சேமிப்பகத்துக்கு எந்த வார்ப்புரு? கிளவுட்ஃபார்மேஷன், பைசெப், டெராஃபார்ம்: ஓர் ஒப்பீடு

கிளவுட் சேமிப்பகத்தை இணையப் பக்கத்தில் பொத்தான்களை அழுத்தி உருவாக்குவதை விட்டுவிட்டு, ஒருமுறை எழுதிப் பல இடங்களில் பயன்படுத்தக்கூடிய வார்ப்புருக்கள் (என்ன உருவாக வேண்டும் என்று விவரிக்கும் கோப்புகள்) வழியே உருவாக்குவது என்று ஒரு குழு தீர்மானித்த பிறகு, எந்தக் கருவியில் எழுதுவது என்ற கேள்வி எழுகிறது. இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் எழுத்துமுறையைப் பற்றியவை: எழுதும் வடிவங்களில் ஜேசனைவிட யாமல் படிக்க எளிது, டெராஃபார்மின் மொழியான எச்சிஎல் அதைவிட எளிது, பழகிய நிரல்மொழியிலேயே எழுதிவிடலாம் என்று அந்த வாதம் நீளும். சர்வர்களைப் பொறுத்தவரை அந்த அளவுகோல் போதுமானது. ஒரு சர்வர் தவறுதலாக அழிந்தாலும் அதே வார்ப்புருவைக் கொண்டு சில நிமிடங்களில் மறுபடி எழுப்பிவிடலாம். சேமிப்பகத்தில் அப்படி முடியாது. பக்கெட்டை, அதாவது கோப்புகளை வைக்கும் கொள்கலத்தை, மீண்டும் உருவாக்கித் தரும் வார்ப்புரு, அதற்குள் இருந்த கோப்புகளைத் தராது. ஆகவே ஒவ்வொரு கருவியும் எப்படி உருவாக்குகிறது என்பதைவிட, மாற்றவும் நீக்கவும் நேரும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதையே இந்த ஒப்பீட்டின் முதல் அளவுகோலாகக் கொள்கிறேன்.

தேர்வுக்கு உரியவை உண்மையில் மூன்று. அமேசானின் கிளவுட்ஃபார்மேஷன் 2011-இல் வந்தது; ஜேசனிலும், 2016 முதல் யாமலிலும் எழுதலாம். மைக்ரோசாஃப்ட் அஷ்யூரில் ஜேசன் வார்ப்புருக்கள் படிக்கவும் திருத்தவும் பெரும்பாடாக இருந்ததால், அவற்றின் மேல் எழுதப்பட்ட எளிய மொழியாகப் பைசெப் உருவானது. 2021-இல் அது உற்பத்திப் பயன்பாட்டுக்கு (சோதனை அல்லாத உண்மையான வேலைக்கு) ஏற்றதாக அறிவிக்கப்பட்டது. ஹாஷிகார்ப் நிறுவனத்தின் டெராஃபார்ம் 2014 முதல் இருக்கிறது. எந்த ஒரு கிளவுட்டையும் சாராதது. 2023 ஆகஸ்டில் அதன் உரிமம் திறந்த மூலத்திலிருந்து பியுஎஸ்எல் என்ற வணிகக் கட்டுப்பாட்டு உரிமத்துக்கு மாற்றப்பட்டபோது, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் ஓப்பன்டோஃபு என்ற கிளை பிரிந்தது. கூகுள் கிளவுட் தனது சொந்த வார்ப்புருக் கருவியான டிப்ளாய்மென்ட் மேனேஜரைக் கைவிட்டு, டெராஃபார்மையே உள்ளே ஓட்டும் சேவைக்கு நகர்ந்துவிட்டதால், அங்கே தேர்வு என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. பழகிய நிரல்மொழியிலேயே எழுதவிடும் சிடிகே, புலுமி ஆகிய கருவிகளைப் பற்றி இடையில் சொல்கிறேன்.

ஒரு பெயர் மாறும்போது நடப்பது

வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட ஒரே ஒரு மாற்றம் போதும். வார்ப்புருவில் சேமிப்பகத்தின் பெயர் ‘ஆவணங்கள்-பழைய’ என்ற பொருளில் இருக்கிறது; யாரோ ஒருவர் அதை ‘ஆவணங்கள்-புதிய’ என்று திருத்தி ஓட்டுகிறார். பெயர் என்பது எந்தக் கிளவுட்டிலும் உருவான பின் மாற்ற முடியாத பண்பு. எனவே எல்லாக் கருவிகளும் இந்தத் திருத்தத்தை வேறொரு பொருளை உருவாக்கும் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். அதற்கு அப்பால் நடப்பதுதான் வெவ்வேறு.

அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3-இல், கிளவுட்ஃபார்மேஷன் முதலில் புதிய பக்கெட்டை உருவாக்கும். அதைச் சுட்டும் மற்ற வளங்களை, அதாவது அதே வார்ப்புரு உருவாக்கிய மற்றவற்றை, அதன் பக்கம் திருப்பிவிடும். இறுதியாகத் துப்புரவுக் கட்டத்தில் பழைய பக்கெட்டை நீக்க முயலும். உள்ளே பொருள்கள் (கோப்புகள்) இருக்கும் பக்கெட்டை எஸ்3 நீக்க அனுமதிக்காது என்பதால் அந்த முயற்சி தோற்கும். ஆனால் ஸ்டாக்கின் (ஒரு வார்ப்புரு உருவாக்கிய வளங்களின் தொகுப்பின்) நிலை ‘அப்டேட் கம்ப்ளீட்’ என்றே காட்டும். பழைய பக்கெட் ஸ்டாக்கின் பட்டியலிலிருந்து விலகி, யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் கணக்கில் நிற்கும். செயலியோ வெறுமையான புதிய பக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். தரவு பிழைத்தது என்றாலும், பச்சை நிறத்தில் வெற்றி என்று காட்டிவிட்டு நின்றுபோகும் இந்த நிலை கண்டுபிடிக்கக் கடினமானது.

டெராஃபார்ம் எதிர்த் திசையில் போகும். அதன் இயல்பு, முதலில் அழித்துப் பிறகு உருவாக்குவது. ஓட்டுவதற்கு முன் காட்டும் மாற்றங்களின் பட்டியலான பிளானில் அந்த வளத்தின் அருகே கழித்தல், சாய்கோடு, கூட்டல் ஆகிய மூன்று குறிகளும், பெயர் இருக்கும் வரியின் இறுதியில் இந்த மாற்றம் அழித்து மீண்டும் உருவாக்கக் கட்டாயப்படுத்துகிறது என்ற குறிப்பும் தெரியும். இருநூறு வரி பிளானில் அந்த ஒரு வரியைத்தான் தேடிப் படிக்க வேண்டும். அதைப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தாலும், பக்கெட் காலியாக இல்லை என்ற பிழையோடு எஸ்3 தடுத்துவிடும். ஆனால் சோதனைச் சூழலில் வேலை எளிதாக இருக்கட்டும் என்று யாராவது ‘ஃபோர்ஸ் டெஸ்ட்ராய்’ என்ற பண்பை இயக்கியிருந்தால் அந்தத் தடுப்பு இல்லை. டெராஃபார்மே உள்ளிருக்கும் பொருள்களையும் அவற்றின் பழைய பதிப்புகளையும் நீக்கிவிட்டுப் பக்கெட்டை அழிக்கும். மாட்யூல்கள் எனப்படும் மறுபயன்பாட்டு வார்ப்புருத் துண்டுகளில் இந்தப் பண்பு சோதனைக்கென நுழைந்து உற்பத்திவரை பயணிப்பது சாதாரணமாக நடப்பது.

அஷ்யூரில் பைசெப் எழுதுவோருக்கு நிலைமை மேலோட்டமாகப் பார்த்தால் மென்மையானது. இயல்பான ‘இன்கிரிமென்டல்’ முறையில் ஓட்டினால் புதிய பெயரில் இன்னொரு சேமிப்புக் கணக்கு (அஷ்யூரில் சேமிப்பகத்தின் அலகு) உருவாகும்; பழையது தொடப்படாமல் அப்படியே நிற்கும், கட்டணமும் தொடரும். ‘கம்ப்ளீட்’ முறையில் ஓட்டினால் வார்ப்புருவில் இல்லாத எதுவும் அந்த வளக்குழுவில் (அஷ்யூர் வளங்களைத் தொகுத்து வைக்கும் உறையில்) இருக்கக் கூடாது என்று பொருள். பழைய கணக்கு நீக்கப்படும். இங்கே கவனிக்க வேண்டியது, அஷ்யூர் சேமிப்புக் கணக்குக்கு எஸ்3-இல் உள்ளதுபோல் காலியாக இருந்தால்தான் நீக்குவேன் என்ற நிபந்தனை இல்லை என்பது. கணக்கு போனால் அதற்குள் இருந்த அத்தனை கன்டெய்னர்களும் (பக்கெட் போன்றவை) சேர்ந்தே போகும். 14 நாட்களுக்குள், அதே பெயரில் வேறு கணக்கு உருவாகாமல் இருந்தால், மீட்க வாய்ப்புண்டு. அது உறுதிமொழி அல்ல.

அஷ்யூரை டெராஃபார்ம் வழியே இயக்குவோரே இவர்கள் எல்லோரிலும் அதிக ஆபத்தில் இருப்பவர்கள் என்பது என் கணிப்பு. முதலில் அழித்துப் பிறகு உருவாக்கும் கருவியின் இயல்பும், தரவோடு சேர்த்து நீக்கத் தயங்காத சேவையின் இயல்பும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. எஸ்3-இல் பழகியவர்கள், தடுப்பு தங்கள் கருவியில் இருந்தது என்று எண்ணிக்கொண்டு அஷ்யூருக்கு வருகிறார்கள். உண்மையில் அந்தத் தடுப்பு எஸ்3 சேவையில் இருந்தது. அமேசானுக்குள்ளேயே இஎஃப்எஸ் கோப்பு முறைமைக்கு அத்தகைய தடுப்பு கிடையாது: அதன் குறியாக்கப் பண்பைப் பிற்பாடு மாற்றினால் கிளவுட்ஃபார்மேஷன் புதிய கோப்பு முறைமையை உருவாக்கி, பழையதைத் தரவோடு நீக்கிவிடும்.

பாதுகாப்புப் பூட்டுகள் எவ்வளவு உறுதி

ஒவ்வொன்றிலும் பூட்டு உண்டு. ஒவ்வொரு பூட்டிலும் ஓர் இடைவெளியும் உண்டு. கிளவுட்ஃபார்மேஷனில் ‘டெலிஷன் பாலிசி’ என்ற பண்புக்கு ‘ரீட்டெய்ன்’ என்று மதிப்பு கொடுத்தால், ஸ்டாக்கை நீக்கினாலும் வளம் நிலைத்திருக்கும். ஆனால் அது நீக்கலுக்கு மட்டுமே உரியது. மேலே சொன்ன பெயர் மாற்றம் போல, பழையதற்குப் பதில் புதியது வரும் இடமாற்றங்களுக்கு ‘அப்டேட் ரிப்ளேஸ் பாலிசி’ என்ற தனிப் பண்பு உண்டு, அதை எழுதாமல் விட்டுவிடுவோரே அதிகம். இன்னொரு சிக்கல்: முதன்முறை ஓட்டும்போதே ஏதோ பிழை நேர்ந்து ஸ்டாக் பின்வாங்கினாலும், ரீட்டெய்ன் இருப்பதால் பக்கெட் தங்கிவிடும், மறுமுறை ஓட்டினால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று தடுக்கும். உருவாக்கத் தோல்வியில் மட்டும் நீக்கிவிடு, மற்ற நேரங்களில் வைத்திரு என்று சொல்லும் ‘ரீட்டெய்ன் எக்ஸெப்ட் ஆன் கிரியேட்’ என்ற மதிப்பு 2023-இல்தான் சேர்க்கப்பட்டது. புதிதாக எழுதும் வார்ப்புருக்களில் அதையே பயன்படுத்துவது நல்லது. கிளவுட்ஃபார்மேஷன் வார்ப்புருவை உருவாக்கித் தரும் சிடிகே, எஸ்3 பக்கெட்டுக்கு ரீட்டெய்னை இயல்பாகவே எழுதிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் மேலே இருக்கும் கருவி, அடியில் இருப்பதைவிட எச்சரிக்கையானது.

டெராஃபார்மில் ‘பிரிவென்ட் டெஸ்ட்ராய்’ இருக்கிறது. அது இருக்கும் வளத்தை அழிக்க வேண்டிய பிளான் எதுவும் பிழையோடு நின்றுவிடும். ஆனால் அந்த வளத்தின் பகுதியையே கோப்பிலிருந்து யாராவது நீக்கிவிட்டால், பூட்டும் அதோடு சேர்ந்தே நீங்கிவிடுகிறது. மறுபயன்பாட்டின் பார்வையில் இதைவிடப் பெரிய குறை, அந்த மதிப்பை மாறியின் வழியே கொடுக்க முடியாமல் நேரடியாகவே எழுத வேண்டியிருப்பது. ஒரே மாட்யூலை உற்பத்திக்குப் பூட்டோடும் சோதனைக்குப் பூட்டின்றியும் அழைக்க வழியில்லாததால், சிலர் பூட்டையே விட்டுவிடுகிறார்கள், சிலர் இரண்டு பிரதிகள் வைத்துக்கொள்கிறார்கள். மறுபயன்பாடு என்ற நோக்கமே அங்கே பாதியாகிறது.

அஷ்யூரின் ‘கேன் நாட் டெலிட்’ பூட்டு இவை இரண்டைவிடவும் உறுதியானது என்பேன். அது வார்ப்புருக் கருவியில் இல்லாமல் கிளவுட்டிலேயே அந்தக் கணக்கின் மேல் இருக்கிறது. பைசெப், டெராஃபார்ம், இணையப் பக்கம் என எந்த வழியாக வந்தாலும் அந்தக் கணக்கை நீக்க விடாது. பைசெப்பில் நிபந்தனையோடு நான்கைந்து வரிகளில் எழுதி, சூழலைப் பொறுத்து இயக்கவும் நிறுத்தவும் முடியும். ஆயினும் அது காப்பது கணக்கை மட்டுமே. உள்ளிருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாக நீக்குவதை அது தடுக்காது, அதற்கு, நீக்கியதைச் சிலகாலம் மீட்கவிடும் ‘சாஃப்ட் டெலிட்’ தனியாக வேண்டும்.

நினைவை யார் வைத்திருப்பது

எதை உருவாக்கினோம் என்ற பதிவை, கிளவுட்ஃபார்மேஷன் அமேசானின் சேவைக்குள் ஸ்டாக்காக வைத்துக்கொள்கிறது. பைசெப்புக்குத் தனிப் பதிவே இல்லை. அஷ்யூரில் இப்போது என்ன இருக்கிறதோ அதுவே உண்மை. டெராஃபார்ம் ஒரு ஸ்டேட் கோப்பை வைத்திருக்கிறது, அதைப் பராமரிப்பது பயன்படுத்துபவரின் கடமை. இதனால்தான் சேமிப்பகத்தை உருவாக்க வந்த குழு, ஸ்டேட் கோப்பை வைக்க முதலில் ஒரு சேமிப்பகத்தை வேறு வழியில் உருவாக்கிக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. இருவர் ஒரே நேரத்தில் ஓட்டாமலிருக்கப் பூட்டும் தேவை: அஷ்யூரில் அது கோப்பின் மேல் எடுக்கும் பிளாப் குத்தகையாகத் தானே அமைந்துவிடும், எஸ்3-இல் நெடுங்காலம் அதற்கென அமேசானின் தரவுத்தளமான டைனமோடிபியில் அட்டவணை ஒன்று வேண்டியிருந்தது, டெராஃபார்ம் 1.10 முதல் எஸ்3-க்குள்ளேயே பூட்டுக் கோப்பு வைக்கும் வசதி வந்திருக்கிறது.

ஸ்டேட் கோப்பின் மெய்யான சிக்கல் ரகசியங்கள். டெராஃபார்மில் ஓர் அஷ்யூர் சேமிப்புக் கணக்கை உருவாக்கி, அதன் ஸ்டேட் கோப்பை ஒரு சாதாரண எடிட்டரில் திறந்தால், அந்தக் கணக்கின் இரண்டு அணுகல் சாவிகளும் வெற்றெழுத்தில் கிடைக்கும். வார்ப்புருவில் நீங்கள் அவற்றைக் கேட்டிருக்கவே வேண்டாம். அஷ்யூர் தரும் எல்லாப் பண்புகளையும் டெராஃபார்ம் எழுதிவைத்துக்கொள்கிறது. அந்தச் சாவி கையில் இருப்பவருக்குக் கணக்கில் உள்ள அத்தனையும் திறந்திருக்கும். ஓப்பன்டோஃபு 1.7-இல் ஸ்டேட் கோப்பைக் குறியாக்கம் செய்யும் வசதி சேர்ந்திருப்பதால், இந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தேர்வோரைக் குறைசொல்ல முடியாது. இன்னும் அடிப்படையான தீர்வு, கணக்கில் சாவி வழி அணுகலையே முடக்கிவிட்டு, மைக்ரோசாஃப்டின் அடையாளச் சேவையான என்ட்ரா வழியே மட்டும் அனுமதிப்பது; சாவி கசிந்தாலும் அதைக் கணக்கு ஏற்காது. அப்படிச் செய்யும்போது டெராஃபார்மை அஷ்யூரோடு இணைக்கும் செருகுநிரலான புரொவைடரிலும் சேமிப்பகத்துக்கு என்ட்ரா அடையாளத்தைப் பயன்படுத்து என்ற அமைப்பை இயக்க மறக்கக் கூடாது. இல்லையேல் கன்டெய்னர்களை உருவாக்கப் போகும் இடத்தில் அனுமதி மறுப்புப் பிழை வந்து நிற்கும்.

பைசெப்பில் இந்தத் தொல்லை குறைவு, இல்லாமல் இல்லை. வார்ப்புருவின் வெளியீடாகச் சாவியைக் கொடுத்தால் அது அஷ்யூரின் டிப்ளாய்மென்ட் வரலாற்றில் பதிவாகிவிடும். எடிட்டர் எச்சரிக்கும், ஆனால் தடுக்காது.

மறுபயன்பாடு எவ்வளவு தூரம்

மாட்யூல்களைப் பகிர்வதில் டெராஃபார்மின் சூழல் மற்ற இரண்டையும்விட முதிர்ந்தது: பதிப்பு எண்ணோடு பதிவகத்தில் வைக்கலாம், நிரல் பதிப்புகளைக் காக்கும் கிட்டின் குறிச்சொல்லைச் சுட்டலாம். எனினும் அதன் பூட்டுக் கோப்பு (மேலே சொன்ன ஸ்டேட் பூட்டு அல்ல) புரொவைடர்களின் பதிப்பை மட்டுமே உறைய வைக்கிறது, மாட்யூல்களின் பதிப்பை அல்ல. அழைக்கும் இடத்தில் துல்லியமான எண்ணைக் குறிப்பிடாவிட்டால், அடுத்த முறை புதிதாக இறக்கும்போது வேறு மாட்யூல் வரலாம். பைசெப் மாட்யூல்களைக் கன்டெய்னர் பதிவகத்தில் குறிச்சொல்லோடு வைக்கலாம். மைக்ரோசாஃப்ட் பராமரிக்கும் ‘அஷ்யூர் வெரிஃபைடு மாட்யூல்ஸ்’ தொகுப்பும் இருக்கிறது. கிளவுட்ஃபார்மேஷனின் உள்ளமை ஸ்டாக்குகள் ஓர் எஸ்3 முகவரியில் உள்ள கோப்பைச் சுட்டுகின்றன, அவ்வளவுதான். பதிப்பு எண்ணைக் கோப்பின் பாதையில் நாமே எழுதி ஒழுங்கு காக்க வேண்டும். இந்த இடத்தில் கிளவுட்ஃபார்மேஷன் தெளிவாகப் பின்தங்கியிருக்கிறது.

பழைய பக்கெட் ஒன்றை மாட்யூலுக்குள் நகர்த்துவதும் மறுபயன்பாட்டின் பகுதியே. டெராஃபார்மில் முகவரி மாறுவதால் பழையதை அழித்துப் புதியதை உருவாக்க முனையும், 1.1 பதிப்பில் வந்த ‘மூவ்டு’ பகுதியை எழுதினால் பெயர்ப்பதிவை மட்டும் நகர்த்தும். பைசெப்பில் இதற்கு எதுவுமே செய்ய வேண்டாம், வளத்தின் பெயர் ஒன்றாக இருந்தால் போதும்.

புரொவைடர்களின் போக்கையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2022-இல் வந்த டெராஃபார்மின் அமேசான் புரொவைடர் 4.0, அதுவரை ஒரே வளமாக இருந்த எஸ்3 பக்கெட்டைப் பல துண்டுகளாகப் பிரித்தது: வெர்ஷனிங் (பழைய பதிப்புகளை வைத்திருத்தல்) தனி வளம், குறியாக்கம் தனி வளம், கோப்புகளைக் காலப்போக்கில் தானே நீக்கும் அல்லது நகர்த்தும் லைஃப்சைக்கிள் விதிகள் தனி வளம். மாட்யூல் வைத்திருந்தவர்கள் ஓரிடத்தில் திருத்தித் தப்பினார்கள். பிரதியெடுத்து ஒட்டியவர்கள் ஒவ்வொரு கோப்பாகத் திருத்தினார்கள். அதே வேளையில், ஒவ்வொரு துண்டுக்கும் நான்கைந்து மாறிகளைத் திறந்துவைத்து, புரொவைடரின் எல்லாப் பண்புகளையும் அப்படியே மறுபெயரிட்டுத் தரும் மாட்யூல்களையும் பார்க்கிறோம். அவை எதையும் தீர்மானிப்பதில்லை, தீர்மானத்தை அழைப்பவரிடமே திருப்பித் தள்ளுகின்றன. சேமிப்பக மாட்யூலுக்குப் பெயரின் முன்னொட்டு, சூழல், தரவை எத்தனை நாள் வைத்திருப்பது, எந்த அடையாளங்களுக்கு அணுகல் என்ற அளவிலான மாறிகள் போதும். பொது அணுகல் முடக்கம், வெர்ஷனிங், முடிவுறாத மல்டிபார்ட் (துண்டு துண்டான) பதிவேற்றங்களை நீக்கும் விதி ஆகியவை உள்ளேயே முடிவாகியிருக்க வேண்டும். எஸ்3, 2023 முதல் புதிய பொருள்களைத் தானாகவே குறியாக்கம் செய்வதாலும், புதிய பக்கெட்டுகளின் பொது அணுகலை இயல்பாகவே முடக்குவதாலும், பழைய மாட்யூல்களில் உள்ள வரிகளில் சில இன்று தேவையற்றவை. இருந்தாலும் எழுதியிருப்பது கெடுதல் அல்ல, பின்னாளில் யாராவது கையால் தளர்த்தினால் பிளானில் தெரியும்.

பெயரை மாட்யூல் எப்படி அமைக்கிறது என்பதும் சிறு விஷயமல்ல. எஸ்3 பெயருக்கு 3 முதல் 63 எழுத்துகள். அஷ்யூர் சேமிப்புக் கணக்குக்கு 3 முதல் 24, அதிலும் சிறிய ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டும், இடைக்கோடுகூடக் கூடாது. இரண்டுக்கும் பொதுவான ஒரே பெயரிடும் விதியை வகுக்க முயன்றால் குறுகியதற்குள்தான் அடங்க வேண்டியிருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

அஷ்யூரில் மட்டும் இருக்கும் குழுவுக்குப் பைசெப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஸ்டேட் கோப்பு இல்லை, பெயர்ப் பிழை நேர்ந்தால் இழப்பைவிட மிகையே நேர்கிறது, பூட்டு கிளவுட்டிலேயே இருக்கிறது. கம்ப்ளீட் முறையைச் சேமிப்பகம் உள்ள வளக்குழுக்களில் பயன்படுத்துவதில்லை என்று எழுதிவைத்துக்கொண்டால் போதும்.

அமேசானில் மட்டும் இருப்பவர்களுக்கு விடை அவ்வளவு தெளிவல்ல. நிரல் எழுதிப் பழகிய குழுவென்றால் சிடிகே. அதன் இயல்பான ரீட்டெய்ன் ஒன்றே அதற்குப் போதிய காரணம். இல்லையெனில், நேரடிக் கிளவுட்ஃபார்மேஷனைவிட டெராஃபார்மின் பிளான் படிக்கத் தெளிவாக இருப்பதையும், எஸ்3-இன் காலியாயிருக்கும் நிபந்தனை, ஃபோர்ஸ் டெஸ்ட்ராய் இல்லாதவரை, காப்பதையும் கருதி டெராஃபார்ம் பக்கமே சாய்வேன். பிழை நேர்ந்தால் தானே பின்வாங்கும் கிளவுட்ஃபார்மேஷனின் பண்பைச் சிலர் பெரிதாகச் சொல்வார்கள்; டெராஃபார்ம் நின்ற இடத்திலேயே நின்றுவிடும் என்பது உண்மைதான். சேமிப்பகத்தைப் பொறுத்தவரை பாதியில் நிற்பது பெரும்பாலும் தீங்கற்றது.

இரண்டு கிளவுட்களில் இயங்குவோருக்கு டெராஃபார்ம் அல்லது ஓப்பன்டோஃபு. ஆனால் ஒரே வார்ப்புரு இரண்டிலும் ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எஸ்3 பக்கெட்டுக்கும் அஷ்யூர் கணக்குக்கும் எழுதும் வளங்கள் முற்றிலும் வேறு. பொதுவாகக் கிடைப்பவை மொழியும் வேலைமுறையும் மட்டுமே. நிறுவனத்துக்குள் பயன்படுத்துவோரைப் பியுஎஸ்எல் பெரும்பாலும் தொடுவதில்லை. டெராஃபார்மையே உள்ளடக்கி அதோடு போட்டியிடும் சேவை விற்போரே அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். புலுமியைப் பற்றி ஒரு வரி: இடமாற்றத்தின்போது புதியதை முதலில் உருவாக்குவது அதன் இயல்பு, ‘புரொடெக்ட்’ என்ற பூட்டை நிரலின் மாறி வழியே கொடுக்கவும் முடியும், ஆனால் குழுவில் நிரலாளர்கள் இல்லாவிட்டால் பராமரிப்பு ஒருவர் தலையில் விழும்.

எதைத் தேர்ந்தாலும், சேமிப்பகத்தைச் சர்வர்களோடு ஒரே ஸ்டாக்கிலோ ஒரே ஸ்டேட்டிலோ வைக்காமல் பிரித்துவிடுவது நல்லது. சர்வர் அடுக்கு வாரம்தோறும் மாறும், சோதனைக்காக முழுவதும் அழிக்கப்படும். அந்தக் கட்டளையின் எல்லைக்குள் தரவு இருக்கவே கூடாது.

புதிதாகத் தொடங்குவோர் அரிது. பெரும்பாலானோரிடம் கையால் உருவாக்கிய பக்கெட்டுகள் ஏற்கெனவே இருக்கும், அவற்றை வார்ப்புருவின் கீழ் கொண்டுவரும் உழைப்பும் தேர்வில் இடம்பெற வேண்டும். டெராஃபார்ம் 1.5 முதல் ‘இம்போர்ட்’ பகுதியை எழுதிப் பிளானிலேயே விளைவைப் பார்க்கலாம். கிளவுட்ஃபார்மேஷனும் இறக்குமதியை ஏற்கிறது, இறக்கும் ஒவ்வொரு வளத்துக்கும் டெலிஷன் பாலிசி எழுதியிருந்தால் மட்டும்; அந்தக் கட்டாயம் வரவேற்கத்தக்கதே. பைசெப்பில் அதே பெயரோடு வார்ப்புருவை எழுதி, ஓட்டாமலே விளைவைக் காட்டும் ‘வாட் இஃப்’ கட்டளை எந்த மாற்றமும் இல்லை என்று சொல்லும்வரை பண்புகளைத் திருத்திக்கொண்டு போனால், வேறு எந்தப் பதிவும் இல்லாமலே அந்தக் கணக்கு வார்ப்புருவுக்குள் வந்துவிடுகிறது.